இரண்டடி மீன்தொட்டி: ஒத்துப்போகும் மீன்களைத் தேர்ந்தெடுப்பதும் தொட்டியை அலங்கரிப்பதும் – முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் வைத்த தொட்டியில் எட்டு நியான் டெட்ராக்கள் இருந்தன, கூடவே நாணயம் அகலத்தில் ஒரு ஏஞ்சல் மீன். "எல்லாம் சின்ன மீன்தானே, ஒண்ணா இருக்கும்" என்று சொல்லித்தான் கடையில் பிடித்துப் போட்டார்கள். ஆறேழு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அதற்குள் ஏஞ்சல் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒரு நாள் காலையில் எண்ணினால் நியான் ஏழுதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஐந்து. செத்து மிதக்கவும் இல்லை, வெளியே குதித்துக் கிடக்கவும் இல்லை. ஏஞ்சலின் வயிறு மட்டும் உப்பியிருந்தது. அதன்மேல் தப்பில்லை. வாய்க்குள் போகிற மீனை விழுங்குவது அதன் இயல்பு. சேர்த்து வைத்ததுதான் தப்பு.

பெரும்பாலும் தொட்டி வைப்பது தலைகீழாகத்தான் நடக்கிறது. முதலில் கண்ணுக்குப் பிடித்த கோட்டை பொம்மை, வெள்ளைக் கல், பிளாஸ்டிக் செடி எல்லாம் வாங்கி அடுக்குகிறோம். அப்புறம் கடைக்குப் போய் நிறத்தைப் பார்த்து நாலைந்து மீன். தண்ணீரைப் பற்றிய யோசனை மீன் செத்தபிறகுதான் வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பாருங்கள். அந்தத் தண்ணீருக்கு எந்த மீன், அந்த மீனோடு எந்த மீன் என்று தாளில் எழுதுங்கள். அந்த மீன்களுக்கு என்ன தேவையோ அதுதான் அலங்காரம். உள்ளே வைக்கிற ஒவ்வொரு கல்லும் கட்டையும் செடியும் அங்கே வாழப்போகிற ஏதோ ஒரு மீனுக்கு வேலை செய்ய வேண்டும். அப்படி வைத்த தொட்டி பார்க்கவும் அழகாகவே இருக்கும்.

தொட்டி, இடம், ஃபில்டர்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியை வைத்தே இந்தக் கட்டுரை முழுக்கப் பேசுகிறேன். 60 × 30 × 30 செ.மீ. என்றால் கணக்குப்படி 54 லிட்டர். மணலும் கல்லும் மேலே விடுகிற இடைவெளியும் போக, தண்ணீர் 42 முதல் 45 லிட்டர்தான் நிற்கும். இதைவிடச் சின்னது சுலபம் என்று தோன்றும், ஆனால் அதுதான் கஷ்டம். தண்ணீர் குறையக் குறைய ஒரு வேளைத் தீனி அதிகமானாலே கெட்டுப்போகும். கண்ணாடிக் கிண்ணத்தில் எந்த மீனையும் வைக்காதீர்கள், ஃபைட்டரைக்கூட.

எல்லாம் சேர்ந்து எடை 75 கிலோவைத் தொடும். ஆடாத, நேர்மட்டமான மேசை வேண்டும். சட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டி என்றால் அடியில் தெர்மாகோல் ஷீட் ஒன்று போடுங்கள். ஜன்னல் வெயில் நேராக அடிக்கிற இடம் வேண்டாம், தண்ணீர் பச்சையாகிவிடும். மூடி கட்டாயம். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே இந்த அளவுக்குப் போதும். மோட்டார் வைத்த ஃபில்டர் என்றால் மணிக்கு 200 முதல் 300 லிட்டர் தள்ளுவதாகப் பாருங்கள். ஃபைட்டர், கௌராமி மாதிரி மெதுவாக நீந்தும் மீன்களுக்கு வேகமான நீரோட்டம் பிடிக்காது. தண்ணீரின் சூடு 22 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் என்றால் 50 வாட் ஹீட்டர் ஒன்று தேவைப்படும்.

உங்கள் தண்ணீர் கடினமா, மென்மையா?

கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதா? சோப்பு சரியாக நுரைக்க மாட்டேன் என்கிறதா? அப்படியென்றால் அது கடின நீர், சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைய இருக்கின்றன. துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றால், மீன் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்து சோதனைப் பெட்டியை வாங்கிக்கொள்ளலாம். கடினத்தன்மை, பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று ஐந்தையும் பார்க்கிற வசதி இருந்தால் நல்லது. அம்மோனியா சோதனை மட்டும் கண்டிப்பாக வேண்டும்.

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் எல்லாம் கடின நீரில் கொழுகொழுவென்று வளரும். நியான், கார்டினல் டெட்ரா, ராஸ்போரா போன்றவை மென்மையான, சற்றே அமிலத்தன்மை உள்ள தண்ணீரிலிருந்து வந்தவை. பண்ணையில் பிறந்த மீன்கள் இரண்டுக்கும் நடுவில் ஓரளவு பழகிக்கொள்ளும். ஆனால் மிகக் கடினமான நீரில் நியானையோ, மிக மென்மையான நீரில் மோலியையோ வைத்துப் போராட வேண்டியதில்லை. இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பிஎச்சை ஏற்றி இறக்கும் திரவங்களை வாங்காதீர்கள். மீனுக்கு எண்ணைவிட, அந்த எண் நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றுவதும் கூடாது. அதில் தாதுக்கள் அனேகமாக இருக்காது, பிஎச் தடாலென்று சரியும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது, அதற்கு ஆன்டி குளோரின் சொட்டு தேவை. எது கலந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு முறையும் சொட்டு விட்டுவிடுங்கள்.

மீன் பட்டியல் போடுவது

ஒரு மீனைப் பட்டியலில் சேர்க்கும் முன் ஐந்து கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, வளர்ந்தால் எவ்வளவு? கடையில் இருப்பவை எல்லாம் குஞ்சுகள். கோல்டு ஃபிஷ் 15 முதல் 20 செ.மீ.க்கு மேலும் வளரும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிற சாதாரண சக்கர் மீன் 40 செ.மீ. வரை போகும். ஆஸ்கர், பாலா ஷார்க் இரண்டும் 30 செ.மீ. 'ஷார்க்' என்ற பெயரில் விற்கும் பங்காசியஸ் ஒரு மீட்டரையும் தாண்டுகிற ஆற்று மீன். இவை எதுவும் இரண்டடித் தொட்டிக்கு உரியவை அல்ல. 'தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடமில்லாமல் வளர்ச்சி குன்றிய மீன் நோய்வாய்ப்பட்ட மீன்.

'இத்தனை லிட்டருக்கு இத்தனை அங்குல மீன்' என்ற கணக்கும் பலர் வாயில் இருக்கிறது. அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஒரே உருவத்தில் நீளம் இரண்டு மடங்கானால் உடல் எடை எட்டு மடங்காகிறது. 10 செ.மீ. மீன் ஒன்று, 5 செ.மீ. மீன் இரண்டுக்குச் சமம் அல்ல, எட்டுக்குச் சமம். சாப்பாடும் கழிவும் ஏறக்குறைய அப்படித்தான் கூடும். அதனால் சின்னத் தொட்டியில் பெரும்பாலும் 5 செ.மீ.க்குள் நிற்கும் மீன்களாகப் பாருங்கள்.

இரண்டாவது, வாய் அளவு. ஒன்றின் வாய்க்குள் இன்னொன்றின் உடல் போகுமா? வளர்ந்தபின் போகும் என்றால்கூட வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீரும் சூடும். கோல்டு ஃபிஷுக்கு 18 முதல் 22 டிகிரி சுகம். டிஸ்கஸுக்கு 28 முதல் 30. நியானுக்கு 22 முதல் 26. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் ஏதோ ஒன்று எப்போதும் அவதிப்பட்டுக்கொண்டே இருக்கும். உடனே சாகாது. அதனால்தான் பலருக்கு இது புரிவதில்லை.

நான்காவது கேள்வியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள்: கூட்டமாக வாழ்வதா, தனியாக வாழ்வதா? டெட்ரா, ராஸ்போரா, பார்ப், கோரிடோரஸ் எல்லாம் கூட்ட மீன்கள். ஆறுக்குக் குறைந்தால் பயந்து நிறம் மங்கி மூலையில் நிற்கும். டைகர் பார்ப் இரண்டு மூன்றாக இருந்தால், தங்களுக்குள் காட்ட வேண்டிய சண்டையை மற்ற மீன்களின் வாலில் காட்டும். ஆளுக்கொன்றாக ஆறு வகை வாங்குவதைவிட ஒரே வகையில் ஆறு வாங்குங்கள். தொட்டியும் அப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கும். மாறாக ஆண் ஃபைட்டர் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். குட்டி போடும் வகைகளில் ஆணும் பெண்ணும் சமமாக இருந்தால் பெண் ஓயாமல் துரத்தப்படும், ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும். ஆனால் கப்பிப் பெண் மாதத்துக்கு ஒரு முறை இருபது, முப்பது குட்டி போடும். ஆணைப் பிரித்த பின்னும், சேமித்து வைத்த விந்தைக் கொண்டே பல மாதம் போடும். சின்னத் தொட்டிக்கு ஆண் கப்பிகள் மட்டும் என்பதே என் முடிவு.

ஐந்தாவது, எந்த மட்டத்தில் நீந்தும்? மேல்மட்டத்தில் கௌராமி, ஃபைட்டர். நடுவில் டெட்ரா, ராஸ்போரா. அடியில் கோரி (கோரிடோரஸ்), குஹ்லி லோச். மூன்று மட்டத்திலும் ஆள் இருந்தால் அதே தொட்டி நிறைந்து தெரியும், ஒன்றின் இடத்தில் இன்னொன்று மோதவும் மோதாது.

நான் நம்பிச் சொல்லக்கூடிய மூன்று சேர்க்கைகள் இவை.

மென்மையான அல்லது நடுத்தர நீர் என்றால் எட்டு நியான் டெட்ரா (அல்லது ஹார்லிக்வின் ராஸ்போரா), ஆறு பாண்டா கோரிடோரஸ், ஒரே ஒரு ஹனி கௌராமி. சூடு 24 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். பாண்டா கோரிக்கு அதிக வெக்கை ஆகாது.

கடின நீர் என்றால் ஆறேழு ஆண் கப்பி, இரண்டு நெரைட் நத்தை, ஒரு பத்து செர்ரி இறால். இறால் குஞ்சுகளில் சிலவற்றைக் கப்பி தின்னும், செடி அடர்த்தியாக இருந்தால் மீதி தப்பிக்கும். நெரைட் நத்தை கண்ணாடியில் படியும் பச்சைப் பாசியை நன்றாக மேயும். நன்னீரில் அதன் முட்டை பொரிந்து வளராது, அதனால் பெருகிவிடுமோ என்ற பயமும் இல்லை.

ஃபைட்டரை நடுநாயகமாக வைக்க ஆசை என்றால் ஒரு ஆண் ஃபைட்டர், ஐந்தாறு குஹ்லி லோச், ஒரு நத்தை. சூடு 25 முதல் 27. ஃபைட்டர் ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு. சில நத்தையின் கொம்பைக்கூடக் கடிக்கும். அப்படிப்பட்டது வாய்த்தால் அதை வேறு தொட்டிக்கு மாற்ற ஒரு வழி முன்கூட்டியே இருக்க வேண்டும்.

ஒன்றாக விடவே கூடாதவையும் உண்டு. ஃபைட்டரும் ஆண் கப்பியும்: நீண்ட வண்ண வாலைப் பார்த்ததும் போட்டிக்கு வந்த ஃபைட்டர் என்று நினைத்துக் கிழித்துவிடும். ஃபைட்டரும் கௌராமியும்: இரண்டும் மேல்மட்டத்துக்கு உரிமை கொண்டாடும் நெருங்கிய உறவுகள். டைகர் பார்ப்போடு நீண்ட துடுப்புள்ள எதுவும். இரண்டு ஆண் குள்ள கௌராமிகள். 'ஆல்கே ஈட்டர்' என்று விற்கும் சைனீஸ் வகை சின்ன வயதில் பாசி மேயும். பெரிதானதும் சண்டைக்காரனாகி மற்ற மீன்களின் உடலில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும்.

கடையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறதா, மேலே உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி இருக்கிறதா, வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறதா, அதே தொட்டியில் செத்த மீன் கிடக்கிறதா? ஏதாவது ஒன்று இருந்தாலும் வெறுங்கையோடு திரும்புங்கள். ஊசி மூலம் சாயம் ஏற்றிய வண்ண மீன்களையும் வாங்க வேண்டாம். அது மீனுக்குச் செய்யும் கொடுமை.

அலங்காரம்: மீன் சொல்கிறபடி

பட்டியல் கையில் வந்ததும் அலங்காரம் பாதி முடிவாகிவிடும். கோரியும் லோச்சும் இருந்தால் தரைக்கு மென்மையான மணல்தான். ஒரு நாள் கிட்டே உட்கார்ந்து கோரி தீனி தேடுவதைப் பாருங்கள். கண் வரை மூஞ்சியை மணலில் புதைக்கும், வாய் நிறைய மணலை அள்ளும், தின்ன வேண்டியதை வைத்துக்கொண்டு மீதி மணலைச் செவுள் வழியாகப் புகை மாதிரி வெளியே விடும். கூரான ஜல்லியில் அதனால் இதைச் செய்ய முடியாது. முயன்று முயன்று மீசை தேய்ந்து புண்ணாகும். கப்பித் தொட்டி என்றால் 2, 3 மி.மீ. பரலும் சரிதான்.

நிறத்தில் கறுப்பு, பழுப்பு மாதிரி அடர் நிறமாக எடுங்கள். வெள்ளைக் கல்மேல் நீந்தும் மீன் தன் நிறத்தைத் தரைக்கு ஏற்ப வெளிறச் செய்துகொள்ளும். அதே நியானை அடர்ந்த தரைக்கு மாற்றிச் சில நாள் விட்டுப் பாருங்கள், நீலக் கோடு விளக்கு போட்டதுபோல எரியும். தொட்டியின் பின்புறக் கண்ணாடியில் வெளிப்பக்கமாகக் கறுப்பு சார்ட் தாளை ஒட்டினாலும் இதே பலன். எனக்குத் தெரிந்து இத்தனை மலிவாக இத்தனை மாற்றம் தருவது வேறொன்றும் இல்லை.

மணல் 12 முதல் 14 கிலோ பிடிக்கும். கால் வாளி மணல், மீதி தண்ணீர், கையை விட்டுக் கலக்கி, கலங்கலை ஊற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை ஆகும். கையை எடுத்ததும் தண்ணீர் ஊடாக வாளியின் அடி தெரிய வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஒரு வாரத்துக்குத் தொட்டி மோர்போல இருக்கும். முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 6, 7 செ.மீ. என்று சரிவாகப் பரப்புங்கள். தொட்டிக்கு ஆழம் கூடினதுபோலத் தெரியும்.

கல் எடுக்கும்போது ஒரு சின்னச் சோதனை. கழுவிக் காய்ந்த கல்மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுக் காதருகே கொண்டுபோங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்புக் கல். அது தண்ணீரில் மெல்லக் கரைந்து கடினத்தைக் கூட்டும். நியான் தொட்டிக்கு அது ஆகாது, கப்பித் தொட்டிக்கு உபகாரம்தான். கடற்சிப்பி, பவளம், சலவைக்கல் துண்டு எல்லாம் இந்த ரகம். கருங்கல், ஆற்றுக் கூழாங்கல், எரிமலைக் கல் எங்கும் வைக்கலாம். சோப்புப் போடாமல் பிரஷ்ஷால் தேயுங்கள். கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள், உள்ளே ஈரம் அடைபட்ட கல் வெடிக்கக்கூடும். கொதிநீரை மேலே ஊற்றினால் போதும்.

கட்டைக்கு மீன் கடையில் விற்கும் டிரிஃப்ட்வுட்டையே வாங்குங்கள். பிசின் வடியும் மரமும் வார்னிஷ் பூசியதும் ஆபத்து. ஒன்றிரண்டு வாரம் வாளியில் ஊறப்போட்டு, நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றினால் கட்டை கனத்து மூழ்கும், சாயமும் பெரும்பகுதி இறங்கிவிடும். பிறகும் தண்ணீர் கொஞ்சம் தேநீர் நிறத்தில் இருந்தால் கவலை வேண்டாம். காட்டு ஓடைகளின் நிறம் அது, டெட்ராவுக்கும் ஃபைட்டருக்கும் ரொம்பப் பிடிக்கும். முதல் சில வாரம் கட்டைமேல் வெள்ளையாக ஒரு வழவழப்பு படரும். துணியால் துடைத்துவிடலாம், விட்டாலும் தானே போய்விடும்.

இனி அடுக்குவது. இதைத் தொட்டிக்குள் செய்யாதீர்கள். தரையில் 60 × 30 செ.மீ. அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிப் போட்டு, அதன்மேல் கல்லையும் கட்டையையும் வைத்துப் பாருங்கள். உட்கார்ந்து பாருங்கள், மாற்றுங்கள், இரவு அப்படியே விட்டுக் காலையில் மறுபடி பாருங்கள். தொட்டிக்குள் செடிகொடி அமைப்பை ஒரு கலையாகவே வளர்த்தவர் ஜப்பானியப் புகைப்படக்காரர் தகாஷி அமானோ (1954–2015). ஒற்றைப்படை எண்ணிக்கையில் கல், ஒன்று மட்டும் பெரிதாக, மற்றவை அதற்கு அடங்கினதாக என்ற ஜப்பானியத் தோட்ட மரபு அவர் வழியாகத்தான் உலகெங்கும் மீன்தொட்டிகளுக்குள் வந்தது. சின்னத் தொட்டியில் இதைச் செய்வது எளிது. பெரிய கல்லையோ கட்டையையோ நடுமையத்தில் வைக்காமல், மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள். கல்லின் வரிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கட்டும், ஓடை அரித்த மாதிரி. எதிர்ப்பக்கம் கொஞ்சம் வெற்று மணல் விடுங்கள். மீன் நீந்தவும் நீங்கள் தீனி போடவும் அந்த இடம்தான் மைதானம்.

அழகைவிட முக்கியமான ஒன்று பார்வைத் தடுப்பு. ஒரு மீன் இன்னொன்றைத் துரத்தும்போது, துரத்தப்படும் மீன் வெகுதூரம் ஓட வேண்டியதில்லை. கண்ணில் படாமல் மறைந்தாலே துரத்தல் நின்றுவிடும். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை முழுக்கத் தெரியாதபடி கட்டையோ செடிப் புதரோ குறுக்கே வர வேண்டும். வெட்டவெளித் தொட்டியில் தினம் சண்டை போட்ட அதே கப்பிகள், நடுவில் ஒரு புதர் வந்ததும் அடங்கிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பெரிய கல்லை மணல் போடும் முன்பே, அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வலை வைத்து அதன்மேல் உட்காரவையுங்கள். மணல்மேல் வைத்த கல்லுக்கு அடியில் கோரி தோண்டினால் கல் சரியும். குகையோ ஓட்டையோ வைத்தால், மீன் தாராளமாகத் திரும்பி வரும் அகலம் இருக்க வேண்டும், அல்லது தலையே நுழையாத அளவு சின்னதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஓட்டைதான் எமன். பொம்மைக் கோட்டைகளின் ஜன்னலில் சிக்கிச் சாகும் மீன்கள் நிறைய. உரிகிற சாயம், செம்பு, இரும்பு எதையும் உள்ளே விடாதீர்கள். செம்பு கொஞ்சம் கரைந்தாலும் இறாலும் நத்தையும் முதலில் சாகும்.

உயிர்ச்செடி

தனி கார்பன் டைஆக்ஸைடு, பலமான விளக்கு எதுவும் இல்லாமல் வளர்கிற ஐந்து செடி போதும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் கட்டைக்கு. இவற்றின் கிழங்கு போன்ற தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். சாதாரணப் பருத்தி நூலால் கட்டையோடு இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். சில வாரத்தில் வேர் கட்டையைப் பிடித்துக்கொள்ளும், நூல் மக்கிப் போனாலும் கவலையில்லை. ஜாவா மாஸையும் இப்படியே கட்டலாம். இறால் நாள் முழுக்க அதில்தான் மேயும். பின்வரிசைக்கு வாலிஸ்னேரியா, ரிப்பன்போல உயர்ந்து ஹீட்டரையும் ஃபில்டர் குழாயையும் மறைக்கும். நடுவரிசைக்கு கிரிப்டோகோரின். நட்ட சில நாளில் இதன் இலை எல்லாம் கூழாகக் கரைவதைப் பார்த்துப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். புது இடத்துக்கு அது அப்படித்தான் பழகும், வேரிலிருந்து புது இலை வரும். அமேசான் ஸ்வார்ட் வேண்டாம், ஓரடி உயரத் தொட்டியை அது ஒன்றே அடைத்துவிடும்.

ஃபைட்டரோ கௌராமியோ இருந்தால் மேலே மிதக்க ஹார்ன்வர்ட் கொஞ்சம் போடுங்கள். இரண்டும் மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்கிற மீன்கள், தலைக்குமேல் மறைவு இருந்தால் நிம்மதியாக வரும். ஆனால் மேற்பரப்பை முழுக்க மூடாதீர்கள். ஃபைட்டர் சாய்ந்து படுக்க மேல்மட்டத்தை ஒட்டி ஓர் அகன்ற அனுபியாஸ் இலை இருந்தால் இன்னும் நல்லது.

விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம். அதற்கு மேல் எரிந்தால் செடியைவிடப் பாசிக்குத்தான் கொண்டாட்டம். பிளாஸ்டிக் செடிதான் வைக்க முடியும் என்றால், அதை ஒரு நைலான் காலுறைமேல் இழுத்துப் பாருங்கள். காலுறை சிக்கிக் கிழிந்தால் ஃபைட்டர் வாலும் கிழியும்.

தண்ணீர் நிரப்பி, காத்திருங்கள்

மணல்மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின்மேல் மெல்ல ஊற்றினால் மணல் கலையாது. பாதி நிரம்பியதும் செடி நட்டுவிட்டு மீதியை நிரப்புங்கள். ஃபில்டரை ஓடவிடுங்கள். மீன் மட்டும் இப்போது வேண்டாம்.

மீனின் கழிவும் மிஞ்சின தீனியும் அம்மோனியாவாக மாறும். அது கொடிய நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், செடியும் உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் முதல் வாரமே மீன் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ராசியோ கடைக்காரரின் கண்ணோ அல்ல.

காத்திருக்கும் நாட்களில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. வாரம் இருமுறை சோதியுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். அன்றைக்குத்தான் தொட்டி தயார். ஆரோக்கியமான பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவர் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். காத்திருப்பு பாதியாகக் குறையும். நடுவில் தண்ணீர் பால்போலக் கலங்கினால் அது பாக்டீரியாப் பெருக்கம். ஒன்றும் செய்யாமல் விடுங்கள், தெளிந்துவிடும்.

மீன்களை விடும் வரிசை

பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவந்து கொட்டாதீர்கள். பாக்டீரியா பெருக நேரம் கொடுக்க வேண்டும். சாதுவான, தாக்குப்பிடிக்கிற மீன் முதலில், இடத்துக்கு உரிமை கொண்டாடுகிற மீன் கடைசியில். முதல் சேர்க்கையில் கோரி முதலில் போகும், இரண்டு வாரம் கழித்து நியான், இன்னும் இரண்டு வாரம் கழித்து கௌராமி. ஃபைட்டர் தொட்டியிலும் லோச் முதலில், ஃபைட்டர் கடைசி. ஃபைட்டர் முன்னமே குடியேறிவிட்டால் பின்னால் வருகிற எல்லோரும் அதற்கு அத்துமீறிகள்தான்.

பையைத் திறக்காமல் 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள், சூடு சமமாகும். பிறகு பையைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரைக் கோப்பை தொட்டித் தண்ணீர் சேருங்கள். அரைமணி கழித்து மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், கடைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம். அன்று முழுக்க விளக்கை அணைத்து வையுங்கள், தீனியும் மறுநாள் போடலாம். இடவசதி இருந்தால் புது மீனை வேறு பாத்திரத்தில் ஃபில்டரோடு இரண்டு மூன்று வாரம் வைத்துக் கவனித்துச் சேர்ப்பது இன்னும் பத்திரம். வெள்ளைப்புள்ளி நோய் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் புது மீனோடுதான்.

ஒத்துப்போகிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரே மீன் எப்போதும் ஹீட்டருக்குப் பின்னால் நிற்கிறது, துடுப்பு ஓரம் கிழிந்திருக்கிறது, தீனி போட்டாலும் வர மறுக்கிறது என்றால் யாரோ விரட்டுகிறார்கள். முதலில் அலங்காரத்தை மாற்றிப் பாருங்கள். கல்லையும் கட்டையையும் இடம் மாற்றினால் 'இது என் மூலை' என்ற எல்லை எல்லோருக்கும் அழிந்துபோகும், புதிதாகப் பங்கு பிரிப்பார்கள். பாதிச் சண்டை இதிலேயே தீரும். ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் விரட்டுகிற மீனை அகற்றுவதைத் தவிர வழியில்லை. கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஏரியிலோ ஆற்றிலோ மட்டும் விடாதீர்கள். இப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, அங்கே இருந்த மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

வாரம் ஒரு முறை பத்து லிட்டர் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே சூட்டில் குளோரின் நீக்கின தண்ணீரை ஊற்றுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரின் பட்டு, ஆறு வாரம் காத்து வளர்த்த பாக்டீரியா ஐந்து நிமிடத்தில் போய்விடும். மொத்தத் தண்ணீரையும் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

தீனி நாளைக்கு ஒரு முறையோ இரு முறையோ, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு. கோரிக்கும் லோச்சுக்கும் மூழ்கும் வில்லை தனியாக, விளக்கை அணைத்தபின் போடுங்கள். மேல்மட்டத்து மீன்கள் மிச்சம் வைப்பதை அவை தின்னும் என்று விட்டால் பட்டினிதான்.

தீனி போடுகிற நேரம்தான் எல்லாம் வெளியே வரும் நேரம். தினமும் அப்போது எண்ணுங்கள். எட்டு நியான், ஒரு கௌராமி. விளக்கணைத்து வில்லை போட்டபின் ஆறு கோரி. ஒன்று குறைந்தால் அன்றே தேடுங்கள்: கட்டைக்கு அடியில், ஃபில்டருக்குப் பின்னால், வாலிஸ்னேரியா வேரில், மூடி இடுக்கு வழியாக வெளியே தரையில். செத்த மீன் ஒரு நாள் கிடந்தாலே 45 லிட்டரில் அம்மோனியா ஏற ஆரம்பித்துவிடும்.